சனி ஞாயிறில் செலவான வெள்ளி

இந்த ஊர்த் தமிழில்
ரிங்கிட்டுக்கு வெள்ளி என்று பெயர்.
வந்த புதிதில், செருப்புத் தைக்கக் கொடுத்த கடையில்
"மூணு வெள்ளி ஆகும் தம்பி" என்றார்.
மூன்று வாரமா என்று கேட்டுவிட்டேன்.

ஏழாவது வாரம்தான்
சனியும் ஞாயிறும் சேர்ந்தாற்போல் கிடைத்தன.
ஜெரோம், ஹம்சவேணி, நான்,
அப்புறம் யமின்.
பயான் லெப்பாஸ் ஆலையில் எனக்குப் பக்கத்து மேசை,
மாண்டலேக்காரி,
சில்லுகளில் கீறல் பார்ப்பதில் என்னைவிட வேகமான கண்.
எங்களுக்குப் பொதுவாய் இருந்தது
நூறு ஆங்கிலச் சொல்லும் கொஞ்சம் சிரிப்பும்.

மீதிச் சில்லறை தராத பேருந்து.
ஜெரோம் ஐந்து வெள்ளித் தாளை உள்ளே விட்டுவிட்டு
ஜார்ஜ் டவுன் வரும்வரை
அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தான்.

லிட்டில் இந்தியாவில் இறங்கியதும்
எங்களுக்குப் பைத்தியம் பிடித்தது.
பலகை பலகையாய்ப் படித்தோம், உரக்க.
பூமாலை ஆர்டரின் பேரில்.
பாத்திரம் மொத்தம் சில்லறை.
இங்கே எச்சில் துப்பாதீர்.
ஹம்சவேணி, மளிகைக்கடை ஒன்றில்
'பலசறக்கு' என்ற பிழையைப் பிடித்துவிட்டு
புதுக் கண்டம் கண்டவள்போல் நின்றாள்.
அந்த வல்லின றகரத்தைக்கூட
கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

நாசி கண்டார் கடையில்
குழம்புக் கரண்டியோடு நின்றவர்
"பசியாறியாச்சா?" என்றார்.
நாங்கள் சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்போம்.
கோபம் ஆறும், காயம் ஆறும்,
டீ ஆறும்.
பசியும் ஆறட்டும் என்று உட்கார்ந்தோம்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன்.
கடை நிழலோரம் யமின்,
இரண்டு கையிலும் எங்கள் பைகள்.
எவ்வளவு நேரமாய் என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பரவாயில்லை என்றிருப்பாள்.

ஆர்மீனியன் தெருவில்
சுவரில் வரைந்த பிள்ளைகளோடு படமெடுக்க
நாற்பது நிமிட வரிசை.
"இந்நேரம் ரேஷனில் சீனியே வாங்கியிருக்கலாம்" என்றான் ஜெரோம்.
எங்கள் முறை வந்தபோது மழையும் வந்தது.
படத்தில் மூன்று குடையும் ஒரு முழங்கையும்.

ஞாயிறு காலை யமின் ஓர் இடம் சொன்னாள்,
அவளாகச் சொன்ன முதல் இடம்.
புலாவ் தீக்குஸ். எலித் தீவு என்று பொருளாம்.
எலியைக் காணோம், தீவும் இல்லை.
ஒரு சந்தில் எதிரெதிரே இரண்டு கோயில்கள்.
அந்தப் பக்கம் தாய்லாந்து, இந்தப் பக்கம் பர்மா.
"அங்கே கிடந்த கோலம், இங்கே நின்ற கோலம்"
ஹம்சவேணி புத்தர்களைப்
பெருமாள் கணக்கில் எழுதிக்கொண்டாள்.

வாசலில் ஒரு தகரப் பலகை.
வளையல்களை உடைத்து அடுக்கியதுபோல் எழுத்து.
யமின் நின்றாள்.
வாய்விட்டுப் படித்தாள்.
மறுபடி படித்தாள்.
மூன்றாம் முறை விரல் வைத்துப் படிக்கையில்
குரல் எங்கோ இடறியது.

ஏதோ புத்தர் வாக்கு என்று
ஜெரோம் தொப்பியைக் கழற்றினான்.
என்ன எழுதியிருக்கிறது என்றேன்.

"செருப்புகளை இங்கே விடவும்.
தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல."

முதலில் சிரித்தது அவள்தான்.
பிறகு உள்ளே போய்
ஒன்று விடாமல் படித்தாள்:
மின்விசிறி உபயம், தூண் உபயம்,
கழிப்பறை இடதுபக்கம்.
ஒவ்வொன்றாய், உரக்க,
அவசரமே இல்லாமல்.
நாங்கள் தூண் நிழலில்
அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

வெளியே வந்தால் என் செருப்பைக் காணோம்.
மூன்று வெள்ளிக்குத் தைத்த அதே செருப்பு.
யமின் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்
பலகையின் இரண்டாம் வரியை
எனக்காக இன்னொரு முறை படித்தாள்,
இந்த முறை இடறாமல்,
ஓர் அதிகாரியின் குரலில்.

திரும்பும் பேருந்தில், வெறுங்காலை
யாரும் மிதிக்காமல் இருக்கைக்கு அடியில் வைத்திருந்தேன்.
ஜெரோம் கைபேசியில் கணக்கு எழுதினான்.
விடுதி, சாப்பாடு, டிக்கெட்.
கடைசி வரி:
செருப்பு, ஒரு ஜோடி,
பொதுச் செலவு.